வாசம் போன தைலம்

மறையூரில் என் புருஷன் சுருளிவேல் எலுமிச்சைப்புல்லை அவித்துக் காய்ச்சும் புல்தைலத்துக்கு ஈடு கிடையாது. கொப்பரையில் ஆவி கிளம்பும்போதே முகர்ந்து பார்த்து, அடுப்பை எப்போது தணிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். எனக்கோ அந்த வாசமே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து சோற்றில்கூடப் புல்தைலம்தான் மணக்கிறது. இதைச் சொல்லித் திட்டாத நாளில்லை.

எழுபத்தாறாம் வருஷம் அவருடைய வலது கை ஆட ஆரம்பித்தது. மூணாறில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "நடுக்குவாதம். மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடணும்" என்றார். இவர் கேட்பாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"நரம்புக்குக் காவல் நம்ம தைலம்தான். தடவுனா நின்னுரும்" என்றார்.

தைலம் நரம்பைக் காக்குமா என்று டாக்டரிடமே கேட்டேன். "காக்கலாம், காக்காமலும் போகலாம். யாரும் இன்னும் பார்த்துச் சொல்லலம்மா" என்றார். மாத்திரை பிரிக்காமலே மாடத்தில் கிடந்தது.

தடவித் தடவித் தோள்வரை தோல் சிவந்தது. நடுக்கம் காலுக்கும் இறங்கியது. அவர் புல்லைத்தான் குறை சொன்னார்.

"வாசமே இல்ல வேலுத்தாயி. சத்துப்போன புல்லு. எப்படிக் கேக்கும்?"

மறுபடி காய்ச்சினார். அதையும் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்கோ வீடு முழுக்க, தலைமுடியில்கூட, அதே நெடியில் மூச்சு முட்டியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூக்கை நம்பிப் பிழைக்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? பயந்துபோய், பழி புல்லின் மேலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம், கடைசி அறுப்புக்கு நின்ற புல்லைக் கொளுத்தக் கிளம்பிவிட்டார். கொளுத்தினால் மழைக்குப் புதுப்புல் வீரியமாக வருமாம், அந்தத் தைலம் கையை நிறுத்துமாம். அதுவரை மாத்திரையைத் தொடமாட்டாராம். பின்னாலேயே மேட்டுக்கு ஓடித் தீப்பெட்டியைப் பிடுங்கினேன்.

"புல்லு நல்லாத்தான் இருக்கு மச்சான். ஒங்க மூக்குதான் போச்சு."

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார். மடியிலிருந்த தைலக் குப்பியை என்னிடம் நீட்டினார்.

"நீ மோந்து சொல்லு. பொய் சொல்லாத."

முகர்ந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எப்பவும் போலத்தான். கொடலப் புரட்டுது."

இனியாவது மாத்திரை சாப்பிடுவார் என்று எனக்கு ஒரு கணம் நிம்மதி. அவரோ ஆடுகிற கையை மறுகையால் அழுத்திப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நல்ல தைலத்தத்தான் இத்தன நாளும் தடவியிருக்கேன். அதுவும் கைய நிறுத்தலியே" என்றார்.