முத்து முத்தான கையெழுத்து

கையெழுத்து அழகாக இருப்பவர்களை நான் சீக்கிரத்தில் நம்புவதில்லை. காரணம், என் கையெழுத்து மிக அழகாக இருக்கும். சாராத்தவ் நகரத்தில் பாதிரிமார் வீட்டுப் பெண்கள் படிக்கும் பள்ளியில் ஆறு வருடமும் கையெழுத்துப் பரிசு எனக்குத்தான். பரிசாக வந்த ஜெபப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு நான் அலட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அந்த அலட்டலோடுதான் இருபத்திரண்டாவது வயதில் சுகாயா பால்கா கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த வயதில் எனக்கு இரண்டு விஷயங்கள் சந்தேகமில்லாமல் தெரியும். ஜாராட்சி ஒழிய வேண்டும் என்பது ஒன்று. அதை ஒழிக்கும் வழியை இந்த விவசாயிகளுக்கு என்னைப் போல் ஒருத்தி காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

1905ஆம் வருடம் ஜப்பான்காரனிடம் நம் படை உதை வாங்கிக்கொண்டிருந்தது. தலைநகரில் மனு கொடுக்கப் போன ஜனங்களைச் சுட்டுத் தள்ளி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஜார் மன்னர் ஓர் உத்தரவு போட்டார். நாட்டைச் சீர்படுத்த யார் வேண்டுமானாலும் யோசனை எழுதி அனுப்பலாமாம். கண்துடைப்பு என்றேன் நான். ஊரார் அப்படி நினைக்கவில்லை. ராஜாவே கேட்கிறார், கேட்டால் சொல்ல வேண்டியதுதானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.

நாற்பத்து நான்கு வீட்டுத் தலைவர்கள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் எழுதினேன்.

"மேட்டுப் புல்வெளிய ஜமீன்தார் வளைச்சுப் போட்டத எழுதுங்க டீச்சரம்மா."

"சண்டைக்குப் போன பசங்களத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

"உப்பு, தீப்பெட்டி எல்லாத்துக்கும் வரி. மூச்சு விடறதுக்கு மட்டுந்தான் பாக்கின்னு எழுதுங்க."

எழுதி முடித்தபோது, பேர் போட ஒதுக்கிய இடத்துக்கு மேலே நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு சேர்த்துக்கலாம். அரசியல் நிர்ணய சபை," என்றேன்.

"அது யாரு?" என்றார் சவேலி. ஊரிலேயே வயதானவர், காது பாதிதான் கேட்கும்.

"ஆள் இல்ல தாத்தா. எல்லாரும் ரகசியமா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கற சபை."

"நிலம் தருமா?"

"தரும்."

"அப்பப் போடும்மா. காசா பணமா."

எல்லோரும் சிரித்தார்கள். போட்டேன். ஜமீன் அதிகாரிகளை ஒழிக்க வேண்டும், பத்திரிகைச் சுதந்திரம் வேண்டும் என்று இன்னும் இரண்டையும் சேர்த்துப் போட்டேன். அந்த மூன்று வரியையும் அவர்கள் யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போடும் நேரம் வந்தது. சவேலி எழுந்து மேஜைப் பக்கம் வந்தார்.

"பேருங்கள வட்டமா எழுதச் சொல்லும்மா. வண்டிச் சக்கரம் மாதிரி சுத்தி எழுதணும். பண்ணை அடிமையா இருந்தப்ப எங்கப்பன் ஆளுங்க அப்படித்தான் எழுதினாங்க. மேலேருந்து கீழ எழுதினா முதல் பேருக்காரனத்தான் முதல்ல தூக்குவான். வட்டத்துல எவன் முதல்னு தேடட்டும், தலைய சுத்தும் அவனுக்கு."

நான் சிரித்தேன். சத்தம் போட்டே சிரித்தேன். "அதெல்லாம் அடிமைக் காலத்துப் பயம் தாத்தா. ராஜாவே கேட்டிருக்கார், திருடங்க மாதிரி எதுக்குச் சுத்தி வளைக்கணும்? சுதந்திர மனுஷங்க நேரா நின்னு பேரு போடணும்," என்று சொல்லி, அடிக்கோல் வைத்து நாற்பத்து நான்கு கோடுகள் இழுத்தேன். கோடுகள் அவ்வளவு நேராக வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் வேறு.

"முதல்ல நீங்க போடுங்க நிக்கனோர்," என்று பேனாவை நீட்டியதும் நான்தான்.

நிக்கனோருக்கு நாற்பது வயது, ஐந்து பிள்ளைகள். பெரியவர்களுக்கு ஞாயிறுதோறும் நான் நடத்திய வகுப்பில் இரண்டு குளிர்காலம் விடாமல் வந்து, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதப் பழகியவர். என் எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால் என் எழுத்தின் சுழிகள்கூட அவருக்கு வந்திருந்தன. அழகுதான் வரவில்லை. ஊரில் அவரைச் சேர்த்து மூன்று பேருக்குத்தான் எழுதத் தெரியும். மற்ற நாற்பத்தொரு பேரும் வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து தங்கள் கையை அவர் கையில் வைத்து, "எனக்காகப் போடு," என்றார்கள். அவர் போட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளைக் களை.

கடைசியில் பேனாவை என் பக்கம் நீட்டினார். "நீங்க போடலையா டீச்சரம்மா?"

"நான் இந்த ஊர்ச் சபைல இல்லையே. வீட்டுத் தலைவருங்கதான போடணும்?"

சொன்னது உண்மைதான், சட்டப்படியும் சரிதான். சொல்லும்போது உள்ளே ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்ததையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, கவனிக்காதது போல மையைத் துடைத்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் மாவட்டம் முழுக்க ஜமீன் மாளிகைகள் எரிந்தன. எங்கள் ஊரார் ஒரு வைக்கோல் போரைக்கூடத் தொடவில்லை. மனுவுக்குப் பதில் வருமென்று காத்திருந்தார்கள். ஜனவரியில் பதில் வந்தது. ஒரு கேப்டன், முப்பது கசாக்குக் குதிரைவீரர்கள்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சறுக்கு வண்டியின் மணிச்சத்தமும் குளம்படியும் கேட்டதும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்து நான் செய்த வேலை கரும்பலகையைத் துடைத்தது. அன்றைக்கு அதில் எழுதியிருந்தது "பசு பால் தரும்" என்பதுதான். ஒரு பாவமும் அறியாத அந்த வரியை ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தேன். பிள்ளைகள் பார்த்து எழுத நான் எழுதி வைத்திருந்த மாதிரி நோட்டுகளை அடுப்பில் போட்டேன். பிறகு பள்ளியை ஒட்டிய என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. நாற்பத்து நான்கு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பனியில் மண்டி போட வைத்திருந்தார்கள். ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை. கேப்டன் கையில் எங்கள் மனு.

"ராஜா யோசனை கேட்டா, ராஜாவுக்கே சபை வெக்கச் சொல்றீங்களா? இத எழுதினவன் எழுந்து வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தன் அசையக் கூடாது!"

போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். சால்வையைப் போர்த்தினேன், ஒரு காலில் பூட்ஸை மாட்டினேன். இன்னொரு பூட்ஸைத் தேடினேன். கட்டிலுக்கடியில் தேடினேன், அடுப்புக்குப் பின்னால் தேடினேன். அது அறை நடுவில் என் கண் முன்னால்தான் கிடந்தது. அதை எடுக்காமல் மறுபடியும் கட்டிலுக்கடியில் குனிந்தேன்.

அரைமணி நேரம் போயிருக்கும். சவேலி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். தூக்கப் போனவன் முதுகில் சாட்டை விழுந்தது. அப்போது நிக்கனோர் எழுந்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில் என் கதவைத் தட்டி வகுப்பறைக்குக் கூப்பிட்டார்கள். கேப்டன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

"மன்னிக்கணும் மேடம், சின்னத் தொந்தரவு. இந்த ஆளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது நீங்கதானாமே?"

"ஆமா."

"கீழ இருக்கற பேருங்க பெரும்பாலும் இவன் எழுத்து, அது தெரியுது. மேல இருக்கற மனுவும் நான்தான் எழுதினேன்னு சாதிக்கறான். எனக்கென்னவோ இது ஒரு பொம்பளை கை மாதிரி தெரியுது."

"கவனமா எழுதினா எனக்கு அப்படி வரும் எசமான்," என்றார் நிக்கனோர். "பேரு எழுதறப்ப அவசரம்."

"அரசியல் நிர்ணய சபைன்னா என்னடா?"

"நிலம் தர்ற சபை எசமான்."

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் நின்ற வீரனும் சிரித்தான். நிக்கனோர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய கம்பளிப் பூட்ஸிலிருந்து உருகிய பனி தரையில் தேங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேப்டன் மனுவை என்னிடம் நீட்டினார். "நீங்க பார்த்துச் சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா நான் ஏத்துக்கறேன். இது இவன் கையா?"

என் எழுத்து. ஒவ்வொரு சுழியும் என்னுடையது. 'என் கை' என்று இரண்டே சொல் போதும். அவர்கள் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். வேலை போயிருக்கும், கொஞ்ச வருடம் வடக்கே எங்காவது அனுப்பியிருப்பார்கள். எனக்காக அழ ஒரு குழந்தைகூட இல்லை.

"கவனமா எழுதினா இப்படி எழுதுவார்," என்றேன். யாரும் கேட்காமலே இன்னும் ஒன்று சேர்த்தேன். "நல்ல மாணவர்."

கைகளைக் கட்டி சறுக்கு வண்டியில் ஏற்றும்போதுதான் நிக்கனோர் என்னிடம் பேசினார். "பள்ளிக்கூடத்த மட்டும் மூடிடாதீங்க டீச்சரம்மா. என் கடைக்குட்டி இந்த வருஷந்தான் சேர்ந்திருக்கா."

சைபீரியாவில் தொபோல்ஸ்க் பக்கம் நாலு வருடம் நாடு கடத்தல் என்று பிறகு தெரிந்தது. ஊரில் ஒருவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம் போலப் பால் வந்தது, விறகு வந்தது. சவேலி தேறி எழுந்து, வழியில் பார்த்தால் வழக்கம் போலத் தலையசைத்தார். யாராவது ஒருத்தி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எனக்கு உறக்கமாவது வந்திருக்கும்.

வசந்தத்தில் நிக்கனோரின் மனைவி உஸ்தீன்யா வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை, தலைத்துணியில் ஆறு முட்டை முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

"கவர்னருக்கு ஒரு கருணை மனு எழுதணும் டீச்சரம்மா. அஞ்சு பிள்ளைங்க, உழறதுக்கு ஆளில்லன்னு எழுதுங்க. பாதிரியார் மாட்டேன்னுட்டார். உங்க எழுத்து முத்து முத்தா இருக்கும், பார்த்தாலே மனசு இளகும்னு அவரு சொல்லிட்டே இருப்பார்."

உட்கார்ந்தேன், பேனாவை மையில் தோய்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த மனுவும் இந்த மனுவும் ஒரே அலுவலகத்தில், ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒருவன் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும்.

பேனாவை இடக்கைக்கு மாற்றினேன்.

எழுத்து நண்டு நடந்த மாதிரி போயிற்று. உஸ்தீன்யாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கண் இருக்கிறதே. கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலை நிமிரவில்லை.

"பயப்படாதீங்க," என்றாள் மெதுவாக. "சந்தைல எவனோ ஒரு ஊர்சுத்தி எழுதிக் குடுத்தான்னு சொல்லிக்கறேன். உங்க பேரு வராது."

எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள். தெரிந்தும் முட்டை கொண்டுவந்திருக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் பேனாவை வலக்கைக்கு மாற்றவில்லை. கடைசி வரி வரை இடக்கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அரசாங்க முத்திரையோடு பதில் வந்தது. உஸ்தீன்யா வயலிலிருந்து அப்படியே ஓடி வந்து, மண் ஒட்டிய கையால் அதை என்னிடம் நீட்டினாள். பிரித்துப் படித்தேன். மனு படிக்க முடியாத நிலையில் இருப்பதாகவும், தெளிவான எழுத்தில் எழுதி ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பினால் குடும்ப நிலையைக் கருதிப் பரிசீலிக்கப்படும் என்றும் இருந்தது.

"என்ன போட்டிருக்கு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் உடனே கேட்பாள், 'இந்தத் தடவை நல்லா எழுதுங்க டீச்சரம்மா' என்று. நல்லா எழுதினால் அது என் எழுத்து.

"முடியாதுன்னுட்டாங்க," என்றேன்.

"இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா?"

"பிரயோஜனமில்ல உஸ்தீன்யா. முடிவு பண்ணிட்டாங்க."

அவள் அழவில்லை.  சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து என்னைக் கும்பிட்டாள். "நீங்க உங்களால ஆனத செஞ்சீங்க. கடவுள் உங்கள நல்லா வெக்கட்டும்." காகிதத்தை நீட்டியபோது வாங்கிக்கொள்ளவில்லை. "அது எனக்கெதுக்கு? அடுப்பு மூட்ட வெச்சுக்கோங்க."

அறுவடைக்கு முன்பே வீட்டையும் பசுவையும் விற்றுவிட்டு, ஐந்து பிள்ளைகளோடு சைபீரியாவுக்கு அவரைத் தேடிப் புறப்பட்டாள். பள்ளிக்கூட வாசலைக் கடந்தபோது கடைக்குட்டி வண்டியிலிருந்து எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

காகிதத்தை நான் எரிக்கவில்லை. ஒரு மாதக் கெடு முடியும்வரை ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்தேன். அந்த மனுவைத் தெளிவாக எழுத எனக்குக் கால்மணி நேரம் ஆகியிருக்கும்.