நாலாவது பாட்டு

குழாயை முழுதாகத் திறந்துவிட்ட பிறகும் வாஷ்பேசினில் அந்தச் சிவப்பு போகவில்லை. அப்பா கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நான் கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னட்டி அங்கன சத்தம்?" என்றாள். அப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. அப்பா வாய் கொப்புளிக்காவ."

நிறைய ரத்தம் இல்லை. எச்சிலோடு நூல் மாதிரி வந்தது. ஆனால் அது தொண்டையிலிருந்து வந்தது. குரல்நாணில் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது, கத்திப் பாடினால் குரலே போய்விடும் என்று திருநெல்வேலி டாக்டர் போன வருஷமே சொல்லியிருக்கிறார். அப்பா இரண்டு வாரமாகக் கத்துகிறார். நாளை சாயந்தரம் மண்டபத்தில் நடக்கும் கச்சேரியில், மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் ஆட்கள் முன்னால் அதே மாதிரி கத்தப் போகிறார். அவர் அப்படிக் கத்துவது என்னால்தான்.

இப்போது வீடு அடங்கிவிட்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் விடிவதற்குள் எனக்கு என்னவோ ஆகிவிடும்.

அப்பா பெயர் வெள்ளத்துரை. பகலில் கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும்போது 'கல்மழை' என்று ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார். அவர் பாட்டு, மைதீன் மாமா கிடார், பிச்சையா மாமா டிரம்ஸ். இரண்டு கேசட் போட்டார்கள். அப்புறம் கல்யாணம், வேலை, பிள்ளைகள். இந்த வருஷம்தான் மறுபடி சேர்ந்து ஆறு பாட்டு போட்டார்கள். ரெக்கார்டிங், பாடியதை வெட்டி ஒட்டுகிற வேலை எல்லாம் எங்கள் மாடி அறையில், என் லேப்டாப்பில். எனக்கு அது தெரியும் என்பதால் என்னிடமே விட்டுவிட்டார்கள்.

கிடாரை வயர் போட்டு நேராக ஏற்றிவிடலாம். டிரம்ஸுக்கு, வெளிச் சத்தம் ஏறாத எலக்ட்ரானிக் பேடு இருக்கிறது. குரலுக்கு மட்டும் மைக் வேண்டும். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. விடிந்ததிலிருந்து ராத்திரி வரை தடதடவென்று ஓடும். மைக்கைத் திறந்தால் அப்பாவுக்கு முன்னால் தறி பாடும். அதனால் மாசத்துக்கு ஒருநாள், பராமரிப்புக்காக கரண்டை நிறுத்தும் நாளில்தான் அப்பா பாடினார். அன்றைக்குத் தெருவே செவிடானது மாதிரி இருக்கும். ஃபேன் கிடையாது. லேப்டாப் பேட்டரி தீர்வதற்குள் முடிக்க வேண்டும்.

நாலாவது பாட்டு பதிந்த அன்று அப்பாவுக்குச் சளி. பாட்டின் கடைசியில் ஒரு வரி மேலே போய் அங்கேயே நிற்கும். அந்த இடத்தில் குரல் உடைந்து உடைந்து விழுந்தது. வரியைத் துண்டு துண்டாகப் பாடிப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. "எதாவது ஒண்ணு தேறும் மக்கா, பொறுக்கி ஒட்டு" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுத்துவிட்டார்.

ஒன்றும் தேறவில்லை. அடுத்த மாசம் அவர் கேட்டுப் பாடட்டும் என்று அந்த வரியை நானே பாடிப் பதிந்தேன். எனக்குக் கட்டைக் குரல். போனில் பேசினால் அப்பாவின் சொந்தக்காரர்களே, "வெள்ளத்துரையா?" என்று கேட்பார்கள். அதற்காகவே ஸ்கூலில் பாட்டு என்றால் பின்னால் போய் நின்றுகொள்வேன். அந்த வரியை அப்பா குரலுக்கு மேலே வைத்துக் கேட்டேன். பொருந்தியது. அடியில் இருந்த அப்பாவின் குரலை எடுத்துவிட்டுக் கேட்டேன். அப்போதும் பொருந்தியது. அப்படியே விட்டுவிட்டேன். தான் பாடிய துண்டில் ஒன்று தேறிவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டார். பழைய பேண்ட், யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கேட்டார்கள். ஆல்பத்தை நெட்டில் போட்ட மறுநாள் மைதீன் மாமாவின் டயர் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, நான் கமெண்ட் வாசித்தேன்.

"ஏலே, ஒருத்தன் என் கிடாரத் தகர டப்பாங்கான்" என்றார் மைதீன் மாமா.

"காது நல்லாருக்குத பய போலுக்கு" என்றார் பிச்சையா மாமா. "எனக்கு ஒருத்தனும் திட்டிக்கூட எழுதலிய வே. நான் வாசிச்சது கேக்குதா, இல்லியா?"

அப்பா சிரிக்கவில்லை. "மேல வாசிட்டி" என்றார்.

ஒருவர், அண்ணாச்சிக்கு மூச்சு வாங்குகிறது, ஒரு நாற்காலி போடுங்கள் என்று எழுதியிருந்தார். ஒருவர், இருபத்தைந்து வருஷம் காத்திருந்தது இதற்கா என்று கேட்டிருந்தார். துபாயிலிருந்து ஒரு அக்கா, இந்த உடைந்த குரல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது, எங்களுக்கும்தானே வயசாகிவிட்டது என்று எழுதியிருந்தார். வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது முதல் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதாக இன்னொருவர் சொல்லியிருந்தார். ஆனால் எல்லாவற்றையும்விட அதிக லைக் வாங்கி மேலே நின்றது ஒன்றுதான்: ஐந்து பாட்டில் ஒரு வயசாளி பாடுகிறார், நாலாவது பாட்டின் கடைசி வரியில் மட்டும் எங்கள் வெள்ளத்துரை உயிரோடு இருக்கிறார்.

"திருப்பி வாசி" என்றார் அப்பா. வாசித்தேன்.

துபாய் அக்கா எழுதியதை இன்னொரு தடவை வாசிக்கவா என்று கேட்டேன். "அது பரிதாபத்துல போடுதது" என்றார்.

அன்றிலிருந்து தினமும் மாடிக்குப் போய் அந்த வரியைப் பாடிப் பார்க்கிறார். சங்கத்திலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் போகிறார். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று இன்னும் கத்துகிறார். நாளை நிகழ்ச்சியை அந்தப் பாட்டோடுதான் முடிக்கிறார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் நடந்த ஒத்திகையில் மைதீன் மாமா, "சுருதிய ஒரு கட்டை கொறச்சுக்கிடுவோம் வே. யாருக்குத் தெரியப் போவுது?" என்று சொல்லிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்லா" என்றார் அப்பா. "ரெக்கார்டுல ஒண்ணு, மேடையில ஒண்ணுன்னா அது ஏமாத்து வேல. கேக்க வாரவன் முட்டாளா?"

நான் வயரைச் சுருட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா இறங்கிப் போனதும் மைதீன் மாமா என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார். "ஏட்டி கோமதி, அந்த வரி நடுவுல ஒரு மூச்சு கேக்குது. உங்கப்பன் ஒருநாளும் அங்கன மூச்சு எடுத்தவன் இல்ல."

நான் சுருட்டிய வயரையே பிரித்து மறுபடி சுருட்டினேன்.

"சரி. நான் ஒண்ணும் கேக்கல, நீ ஒண்ணும் சொல்லல" என்றார். கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "சொல்லுததா இருந்தா சீக்கிரம் சொல்லிரு. எனக்கு அந்தத் தைரியம் இல்ல தாயி."

இன்றைக்கு ரத்தத்தைப் பார்த்த பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் அவர் பின்னாலேயே போனேன். கட்டிலில் உட்கார்ந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாளைக்கு நாலாவது பாட்டு வேண்டாம்ப்பா."

காற்று மட்டும் வருகிற குரலில் பேசினார். "மத்த அஞ்சுலயும் எனக்கு வயசாயிட்டுன்னு சொல்லிட்டாங்க. சரி, ஆயிட்டு. நானும் ஒத்துக்கிட்டேன். அது ஒண்ணு மட்டும் இன்னும் உள்ளதான கெடக்கு? இல்லன்னா மைக்குல எப்டி விழுந்துருக்கும்? உள்ள கெடக்கது வரும் மக்கா."

அவர் முகத்தில் வலி இருந்தது. ஆனால் பயம் இல்லை. காலேஜ் போட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த மாதிரி ஒரு தெம்பு. அது நான் பாடிய ஒரு வரியின் மேல் நின்றுகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா வெந்நீரோடு உள்ளே வந்து, "இனி விடியுத வரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது" என்று அவரை அதட்டினாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்தால் நாளையோடு அவர் குரல் போகலாம். சொன்னால் குரல் தப்பிக்கும். ஆனால் அதற்கப்புறம் அவர் பாடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. துபாய் அக்கா சொன்னதை அவர் நம்பியிருந்தால் இதெல்லாம் வந்தேயிருக்காது. அவரை நம்பவிடாமல் செய்ததும் நான் ஒட்டிய அந்த வரிதானே.

இப்போது போன் மினுங்கியது. அப்பாதான். அடுத்த அறையில் விளக்கு எரிகிறது. பேசக் கூடாது என்று அம்மா சொன்னதால் டைப் செய்கிறார்.

"தூங்கிட்டியா?"

திறந்துவிட்டேன். பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அடுத்தது வந்தது.

"அன்னைக்கு நீதான பக்கத்துல இருந்த. எவ்வளவு யோசிச்சாலும் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்கு. அந்த வரிய நான் எப்டிட்டி பாடினேன்?"