எதிர்ப்பக்கத்துப் பிறை

...அதையும் மாமியார் காதுபடச் சொன்னதுதான் தாங்கவில்லை, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இது பழைய படம், இங்கே வளர்பிறை, நீங்கள் அனுப்பியது தேய்பிறை, யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று... நேற்று இந்த நாக்குக்கு என்ன வந்தது? தையற்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கடல் தாண்டிப் போய்க் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற மனுஷன், கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஆசையாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர், முதன்முதலாகப் பிறையைப் படமெடுத்து, இப்பதான் பாத்தேன், உன் ஞாபகம் வந்துச்சு என்று அனுப்பினால்... "சரி, விடு" என்றார், அவ்வளவுதான், காலையிலிருந்து கூப்பிடுகிறாள், எடுக்கவில்லை. எடுப்பாரா இனி?

காலையில்கூடக் கோபமாகத்தானே இருந்தாள், சற்று முன் இந்த வெட்டு மேசையில்தான் எல்லாம் சரிந்தது. கழுத்து வளைவுக்குக் காகிதத்தை விரித்திருந்தாள், எதிரே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிற அக்கா நின்றிருந்தாள். "ஏண்டி, வளைவு எடப்பக்கம்ல இருக்கு, மாத்தி வெட்டுறியே?" "உனக்கு எடது, எனக்கு வலது. எதிர்ல நின்னுக்கிட்டு நியாயம் பேசாதக்கா" என்று சிரித்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. வளைவு ஒன்றுதான், நிற்கிற பக்கம்தான் வேறு... அவர் இருப்பது பூமி உருண்டையின் கீழ்ப்பாதி, தென்பாதி இல்லையா, ஒரே பிறை, இங்கே வலப்பக்கம் ஒளிர்ந்தால் அங்கே இடப்பக்கம். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, பூமியைச் சுற்றி வரவர வெயில் பட்ட பக்கம் கூடியும் குறைந்தும் தெரிகிறது என்று மகள் சத்தம்போட்டுப் படித்தாளே, காதில் வாங்கினாயா, சட்டை ஓரத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பள்ளிக்கூடத் திரைக்கு அளவெடுக்கப் போனபோது, உலக உருண்டை கோணலாக இருக்கிறதென்று நிமிர்த்தப் போய், "அது அப்படித்தாம்மா இருக்கணும்" என்று டீச்சர் சிரித்தாளே. சாய்ந்தபடியேதான் பூமி சூரியனைச் சுற்றுகிறது, நம் பாதி வெயிலைப் பார்த்துச் சாய்கையில் அவர் பாதி விலகிப்போகிறது, இங்கே முதுகு வேகிறது, அங்கே சீக்கிரமே இருட்டிக் குளிர்கிறது... அவர் போனில் குளிருது என்றபோது, ஜூன் மாசத்தில் என்ன குளிர், போர்வைக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாளே, அதுவும் இந்த வாய்தானே? அப்போதும் அவர் சிரித்துத்தான் வைத்தார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"அவரு பொய் சொல்லலக்கா."

"புருஷன் பொய் சொல்லலன்னு அழுதவ நீ ஒருத்திதான்டி. நல்ல கூத்து!"

காது மடலெல்லாம் சுட்டது. மாமியார் நேற்று பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதற்கு, திட்டியிருந்தாலே தேவலை. அவரிடம் மாமியார் முன்னால் வைத்தே மன்னிப்புக் கேட்க வேண்டும், ஸ்பீக்கரில் போட்டே கேட்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது, நிலாவைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றா? அதற்கு முன் ஒருதரம் அந்தப் படத்தை, அவர் பார்த்த மாதிரியே பார்த்துவிட வேண்டும் என்று போனைத் திறந்தாள். மெலிசாக, இடப்பக்கம் ஒளிர்ந்துகொண்டு, பாவம், எவ்வளவு அழகான பிறை... இரண்டு விரலால் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், மொட்டைமாடிச் சுவர் தெரிந்தது, கொடியில் ஒரு சட்டை, அதற்குப் பின்னால் இருட்டு, அந்த இருட்டில் வேறு ஏதாவது, வேறு யாராவது... விரல்கள் அப்படியே நின்றன. நிலா எப்போதோ திரைக்கு மேலே தள்ளிப்போயிருந்தது.