கனகாம்பரத்துக்கு வாசம் போன கதை

1

இந்தக் கதை ஓர் அட்டைப்பெட்டியின் முதுகிலிருந்து வந்தது. போன தீபாவளிக்கு வாங்கிய பூச்சட்டிப் பெட்டி. பூச்சட்டிகளைக் கொளுத்தி முடித்த பிறகும் பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. முன்பக்கம் கனகாம்பரப் படம் போட்டிருந்ததுதான் காரணம். எனக்குப் பிடித்த பூ அது. மல்லிகையை விட்டுவிட்டு வாசமே இல்லாத பூவைப் போய்ப் பிடிக்கிறது என்கிறானே என்று வீட்டில் கேலி செய்வார்கள். எனக்கு மணத்தைக் காட்டி ஆளை இழுக்கிற பூக்கள் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இது இருந்தது:

"முன்னொரு காலத்தில் பூக்களிலேயே அதிக வாசம் கனகாம்பரத்துக்குத்தான். வைப்பாற்றங்கரையில் ஒரு கல்யாண வீடு. பெண்கள் அத்தனை பேர் தலையிலும் கனகாம்பரம். பின்கட்டில் வைக்கோல் படப்பு பற்றிக்கொண்டது. புகை வாடை யார் மூக்கிலும் ஏறவில்லை, பூவாசம் அமுக்கிவிட்டது. ஊரே கருகியது. கனகாம்பரம் அம்மனிடம் போய் அழுதது: என் வாசத்தை எடுத்துக்கொள் தாயே. அம்மன் வாசத்தை எடுத்துக்கொண்டு, மறக்காமல் இருக்கட்டும் என்று நெருப்பின் நிறத்தைக் கொடுத்தாள்."

எழுதியவர் பெயர் இல்லை. தீயை விற்கிற கம்பெனி, தீயில் ஓர் ஊர் அழிந்த கதையைத் தன் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. இதைப் படித்து ஒப்புதல் கொடுத்த புண்ணியவான் யாராக இருக்கும் என்று யோசித்தேன். யாரும் படித்திருக்க மாட்டார்கள். படத்தில் ஆரஞ்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பார்கள்.

பெட்டிதான் என்னிடம் இருப்பது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: வெம்பக்கோட்டை அணைக்கு மேலே சூரியன் ஒரு தீக்குச்சியைப் போல—

வேண்டாம். சிவகாசிப் பக்கம் கதை எழுதுகிறவன் சூரியனைத் தீக்குச்சி ஆக்கினால் அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிட வேண்டும்.

இரண்டாவது: அன்று காலை ரோஜா தலையில் மல்லிகை வைத்திருந்தாள்.

இது தேவலை. ஆனால் ரோஜா என்று பெயர் கொண்டவள் மல்லிகை சூடி, கனகாம்பரத்தால் மாட்டிக்கொள்கிறாள் என்றால் கதை பூக்கடையாகிவிடும். பெயரை மாற்றிப் பார்த்தேன். வேறு நாலு பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. ரோஜா என்றதும் திரும்பினாள். சரி, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

3

அன்று காலை ரோஜா தலையில் மல்லிகை வைத்திருந்தாள். ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே, காய்ந்த காட்டுக்கு நடுவில் இருந்த பட்டாசு யூனிட்டுக்குப் போகிற வேனில் மல்லிகை வைத்தவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லோர் தலையிலும் கனகாம்பரம்.

அந்தப் பெட்டி செய்த வேலை அது. பேக்கிங்கில் உட்காரும் பெண்கள் பெட்டி மடிக்கும்போதே கதையைப் படித்துவிட்டார்கள். படிக்கத் தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொன்னாள். பட்டாசு மருந்து கெட்டுச் சூடேறினால் முதலில் வாடைதான் வரும் என்பது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அந்த வாடையை அமுக்குகிற பூவை எதற்குத் தலையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்? ஒருத்தி மாற்றினாள். அப்புறம் எல்லோரும் மாற்றினார்கள். ஏற்கெனவே ஹேர்பின் உரசிப் பொறி கிளம்பும் என்று கேட்டிலேயே கழற்ற வைத்துவிடுவார்கள். பூவை நூலால் கூந்தலோடு முடிந்துகொண்டுதான் உள்ளே போக முடியும். அந்த வழக்கத்தோடு வழக்கமாக இதுவும் சேர்ந்துகொண்டது. ரோஜா மட்டும் மாறவில்லை. கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்கு மல்லிகை பிடிக்கும்.

ஷெட்டுக்குள் அவளும் வள்ளித்தாயும். சட்டிக்குள் மருந்து செலுத்துகிற வேலை. மூலையில் ஒரு தட்டில் முந்தின நாள் மிஞ்சிய மருந்து. மிஞ்சியதை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். சீசன் நேரம், லோடு போகணும், காலையில் ஆகட்டும் என்று வைக்கச் சொன்னவர் போர்மேன் செந்தூர்பாண்டி. ராத்திரி தூறல் வேறு விழுந்து மருந்தில் ஈரம் ஏறியிருந்தது.

மூத்திர வாடை மாதிரி ஏதோ சுள்ளென்று ரோஜாவின் மூக்கில் ஏறியது. வள்ளித்தாயிடம் சொன்னாள். வெளியே எவனாவது ஒதுங்கியிருப்பான் என்று வள்ளித்தாய் சிரித்தாள். ரோஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய் வேப்பமரத்தடியில் நின்ற போர்மேனிடம் சொன்னாள்.

"தலையில இம்புட்டுப் பூவ வச்சிக்கிட்டு வாடை வருதுங்கிற. பூவக் கழட்டிட்டு மோந்து பாரு" என்றார் அவர்.

அவள் திரும்பி நடப்பதற்குள் ஷெட் பற்றிக்கொண்டது.

[வள்ளித்தாயை முதல் வரைவில் கொன்றுவிட்டேன். இரண்டாவதிலும். அவள் உயிரோடு இருந்தால் ரோஜா சொன்னது உண்மை என்று சொல்ல ஓர் ஆள் இருப்பாள், என் கதை சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் கொன்றேன். கதை நீள வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை எடுப்பதா? வெட்கமாக இருந்தது. இந்த வரைவில் வலது கை கருகியதோடு விட்டிருக்கிறேன். மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.]

பேச்சு உடனே கிளம்பியது. ரோஜா மல்லிகை வைத்திருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவளுக்கு வாடை தெரியவில்லை. தெரிந்திருந்தால் வள்ளித்தாயின் கை தப்பியிருக்கும். ஆரம்பித்து வைத்தவர் அதே போர்மேன். வாடை வருகிறது என்று அவள் சொன்னபோதும் குற்றவாளி பூ. வாடை வரவில்லை என்று இவர் சொல்லும்போதும் குற்றவாளி பூ. தட்டை ராத்திரி முழுக்க வைக்கச் சொன்ன வாயைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

யூனிட்டுக்குச் சீல் வைத்தார்கள். அதே வேன், அதே பெண்கள், அதே போர்மேன். வேன் போகிற கம்பெனி மட்டும் வேறு. ரோஜா ஏறினால் காலியாக இருக்கிற சீட்டுகளில் எல்லாம் தூக்குவாளி உட்கார்ந்திருக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். சில நாள் நின்றுகொண்டே போனாள். அப்புறம் ஏறுவதை நிறுத்திவிட்டாள். வானம் பார்த்த காட்டில் களையெடுக்கக்கூட ஆள் கூப்பிடாத மாதம் அது. வேனை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

4

ஒரு சந்தேகம். அவளுக்கு நிஜமாகவே வாடை வந்ததா?

படைத்தவனுக்கே தெரியாதா என்பீர்கள். நான் அந்த ஷெட்டுக்குள் போகவில்லை. அவள் சொன்னதை எழுதினேன். தப்பித்தவள், தப்பித்ததற்கு ஒரு காரணம் தேவைப்பட்டுச் சொல்லியிருக்கலாம். அப்படியும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ரோஜா அதை வாசித்தவள் போல என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நானும் ஒரு தூக்குவாளியைத்தான் வைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

5

பெட்டியின் அடிமடிப்பில் அச்சகத்தின் பெயர் இருக்கும். ரோஜா பஸ் ஏறித் திருத்தங்கல்லுக்குப் போனாள். செய்யது அபுதாஹிரின் அச்சகம். அவருடைய மகள் அமீனாதான் கம்ப்யூட்டரில் பெட்டிகளை வடிவமைப்பவள்.

"இந்தக் கதைய எழுதுனது யாரு, நீங்களா?" என்று கேட்டாள் ரோஜா.

ஆமாம் என்று அமீனா சந்தோஷமாகத்தான் சொன்னாள். பின்பக்கம் இடம் காலியாக இருந்தது, எதையாவது போடுங்கள் என்றார்கள், போட்டேன் என்றாள். ரோஜா மிச்சத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. மறுநாள் காலை வேன் நிற்கிற இடத்துக்கு ஸ்கூட்டியில் வந்து நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி, அது நானாக எழுதிய கதை, சத்தியமாக என் கற்பனை என்றாள்.

பெண்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"என்னம்மா சொல்லுதீக? எங்கம்மா சொல்லிச் சொல்லி நான் கேட்ட கதை அது" என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்கு மணப்பெண்ணின் பெயரே தெரிந்திருந்தது. மூன்றாமவள் அந்த அம்மன் கோவில் எங்கன இருக்கிறது என்று வழி சொன்னாள். அமீனாவின் கதையில் மணப்பெண்ணே கிடையாது. வழியைக் கேட்டுக்கொண்டே நின்றவளுக்கு, தானும் இதைச் சின்ன வயதில் எங்கோ கேட்டிருக்கிறோமோ என்று குழப்பம் வந்துவிட்டது.

[எனக்கும் வந்தது.]

வேன் போன பிறகு அமீனா ஒரு யோசனை சொன்னாள். இப்போது வேன் போகிற கம்பெனியிலிருந்தும் அதே பெட்டிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பழைய கதையை எடுத்துவிட்டுப் புதுசாக ஒன்று எழுதுகிறேன் அக்கா. மல்லிகை சூடிய பெண் ஒருத்தி, தீ வருவதை முதலில் உணர்கிறாள், அம்மனே அவளாக—

"எனக்குச் சாமியாக வேண்டாம். வேன்ல உக்காரணும். அம்புட்டுதான்" என்றாள் ரோஜா.

6

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

(அ) அமீனா நடந்ததை நடந்தபடி பெட்டியில் போடுகிறாள்: வாடை வந்தது, சொன்னாள், யாரும் கேட்கவில்லை. பேக்கிங்கில் அதையும் படிக்கிறார்கள். ஒருத்தி தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கியது. என் கண் கலங்கினால் அந்த முடிவை நான் நம்புவதில்லை.

(ஆ) ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போகிறது. பழைய கதையே மறுபடி அச்சாகிறது. இதுதான் நடக்கும். நடக்கும் என்பதற்காக எழுத வேண்டுமா?

(இ) ஆஸ்பத்திரியிலிருந்து வள்ளித்தாய் வருகிறாள்.

இதை யோசிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஆனால் கொல்லாமல் விட்டவள் வரத்தானே செய்வாள்?

7

வேன் நிற்கிறது. ரோஜா ரோட்டோரமாக நிற்கிறாள், ஏறுவதாகவும் இல்லை, வீட்டுக்குப் போவதாகவும் இல்லை. வள்ளித்தாய் வேனிலிருந்து இறங்கி வருகிறாள். வலது கை வெள்ளைத்துணிக்குள் இருக்கிறது. இடது கையில் ஒரு முழம் கனகாம்பரம். ரோஜாவைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாகப் பேசுகிறாள்.

"நீ சொன்னே. நான்தான் சிரிச்சேன். எனக்குத் தெரியும்டி. அதை இப்பச் சொன்னா உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் எங்கன போவேன்? இதைத் தலையில வச்சிட்டு ஏறு. எல்லாரும் மறந்துருவாக."

அவள் சொல்வது நிஜம். பூவை வைத்துக்கொண்டால் இடம் கிடைக்கும். மல்லிகைதான் தப்பு, நான்தான் தப்பு என்று ரோஜா தன் தலையாலேயே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். போர்மேன் முன்சீட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பிடித்த பூ. அதை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று தெரிந்திருந்தால் அந்தப் பெட்டியைத் தீபாவளியன்றே குப்பையில் போட்டிருப்பேன்.

ரோஜா பூவை வாங்கிக்கொண்டாள். தலையில் வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே படியில் ஏறினாள். அவளைப் பூச்சூட வைக்கவும் என்னால் முடியவில்லை, வீசியெறிய வைக்கவும் முடியவில்லை. இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன்.

இனி என்னைக் கேட்காதீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது நீங்கள். பெட்டியின் முதுகை வாசித்ததிலிருந்து நீங்களும் இந்த வேனில்தான் வருகிறீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். அவள் உள்ளே வந்து உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பக்கத்து இடத்தில் உங்கள் தூக்குவாளி இருக்கிறது.