எடுக்கும் வரை

ஐஸ் பெட்டியைப் படிக்கட்டில் திருப்ப முடியவில்லை. நான்கு பேர் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். மூலை சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம்.

"மேல ஏறாதுங்க. கீழயே வெச்சரலாமுங்க" என்றான் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவன்.

மாடியில் வீடு. கீழே என்றால் கம்பெனி. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் அது. திருப்பூர் ராயபுரத்தின் அந்த ஒரு தெருவில் மட்டும் அப்படிப் பதினொன்று இருந்தன. டெய்லர்கள் பதினாறு மிஷின்களையும் சுவரோரம் தள்ளி நடுவில் இடம் செய்தார்கள். ஓவர்லாக் மிஷினின் பிளக்கைப் பிடுங்கி அதே இடத்தில் பெட்டியின் ஒயரைச் செருகினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது.

கம்பெனிக்காரர் அருள்குமார் உள்ளே படுத்திருந்தார். காலை ஆறரைக்கு மிஷின்களுக்கு எண்ணெய் போட இறங்கியவர். ஏழு மணிக்கு மனைவி சித்ரகலா காப்பியோடு வந்தபோது தரையில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் நாடியை மட்டும் பிடித்துப் பார்த்தார்கள். இப்போது ஒன்பது.

சித்ரகலா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அவள் கண் பெட்டிக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அங்கே சுவரையொட்டி மூட்டைகள் அடுக்கியிருந்தன. கழுத்து வைக்காத குழந்தைச் சட்டைகள், ஆயிரத்து நூறு. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு லாரி ஏறினால்தான் நாளைக்குத் தூத்துக்குடியில் கப்பல். இதைப் போய் இப்போது நினைக்கிறோமே என்று அவளுக்கே கூசியது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து பிரதீப். இந்த ஆர்டரைக் கவனிப்பவன்.

"அக்கா, இப்பத்தான் கேள்விப்பட்டேனுங்க. நம்பவே முடியலீங்க. நான் எப்படிக் கேக்கறதுன்னு தெரியலீங்க்கா…"

"சாயங்காலம் லாரிய அனுப்புங்க" என்றாள்.

"அக்கா?"

"அனுப்புங்க."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. பெட்டியின் கால்மாட்டிலிருந்து அருள்குமாரின் அக்கா தெய்வாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணியூரிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் வேறு ஏதோ வேலையாகத் திருப்பூர் வந்தவள் நேராகத் தம்பியின் சாவுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

பத்து மணிக்குச் சின்னான் வந்தார். நூல்கடைக்காரர். தெருச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். பெட்டிக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"அம்மிணி, பாப்பா எப்ப வருது?"

"பிரியங்கா ரெண்டு மணிக்கு வந்துருவாளுங்க. பெங்களூர்ல இருந்து பொறப்பட்டாச்சு."

"அப்ப மூணு மணிக்கு எடுத்தரலாம். தெரு பூரா சொல்லிட்டேன். எடுக்கற வரைக்கும் ஒரு மிஷினும் ஓடாது."

அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவரே அருள்குமார்தான். ஆறு வருடத்துக்கு முன் இதே தெருவில் ஒரு டெய்லர் பையன் செத்துக் கிடந்தபோது பக்கத்துக் கம்பெனிகளில் மிஷினும் ஓடியது, பாட்டும் ஓடியது. அருள்குமார் ஒவ்வொரு வாசலிலும் நின்று சத்தம் போட்டார். மறுவாரம் சங்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சித்ரகலா எழுந்து சின்னானை வாசலுக்கு ஒதுக்கமாகக் கூட்டிப்போனாள்.

"அண்ணா, கழுத்து வெக்காம ஆயிரத்து நூறு பீஸ் நிக்குதுங்க. இங்க மிஷின் ஓடாது. வேற யாராச்சும் ஓட்டோணும்."

சின்னான் முகம் மாறியது. "இன்னைக்கா?"

"அந்த ஆர்டர்ல நாம மட்டுமா இருக்கறோம்? பிரிண்ட் போட்டது கோடி ஊட்டுக்காரங்க. அயர்ன் பக்கத்துல. எல்லாத்தையும் சேத்து நாமதான் குடுக்கறோமுன்னு வாங்கிட்டு வந்தாரு. இது போகலீன்னா அடுத்த சீசனுக்கு இந்தத் தெருவுக்கே அந்தக் கம்பெனிக் கேட்டு தொறக்காதுங்க. இருவது பேரு தெக்க இருந்து குடும்பத்தோட வந்து இருக்காங்க."

"அவரு போட்ட கட்ட அவரு சாவுலயே ஒடைக்கறதா?"

"கட்டுப் போட்டவரு போயிட்டாருங்ண்ணா. தைக்கிறவங்க இருக்காங்க."

சின்னான் உள்ளே மூட்டைகளை எட்டிப் பார்த்தார். "ஓட்டுங்கன்னு என்ற வாயால சொல்ல மாட்டேன் அம்மிணி. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. அதுவுமில்லாம, அத்தனைக்கும் கழுத்து வெக்கற அளவுக்கு மிஷின் இருக்கறதே ஒரே எடத்துல." எதிர்ப்பக்கம் தலையை அசைத்தார். "அங்க உன்னால கேக்க முடியுமா?"

எதிரில் மாரிச்செல்வத்தின் கம்பெனி. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

மாரிச்செல்வம் அருள்குமாரிடம் ஏழு வருடம் டெய்லராக இருந்தவன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். நான்கு வருடம் முன்னால், இதே போல ஒரு ஷிப்மென்ட் நேரத்தில், எட்டு டெய்லர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி நேர் எதிரிலேயே சொந்தமாகத் தொடங்கினான். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. காலையிலிருந்து தெருவே வந்து மாலை போட்டுவிட்டுப் போயிற்று. அவன் மட்டும் வரவில்லை.

சித்ரகலா தெருவில் இறங்கினாள். பிணத்தைவிட்டுப் பெண்டாட்டி எழுந்து போவதைப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். செருப்பில்லாத காலில் தார் சுட்டது. குனிந்து ஷட்டருக்குள் நுழைந்தாள்.

மாரிச்செல்வம் ஸ்டூலிலிருந்து எழுந்தான். மிஷின்கள் மேல் துணி போர்த்தியிருந்தது.

"கழுத்து வெக்கோணும், தம்பி" என்றாள். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. "ஆயிரத்து நூறு. நாலு மணிக்குள்ள."

அவன் கத்தரிக்கோலை எடுத்து மேஜையின் ஓரத்தில் நேராக வைத்தான். பிறகு, "போன வருசம் எங்கய்யா செத்தப்ப, அண்ணாச்சி கம்பெனிய அடைச்சாவ" என்றான். "கட்டுப்பாடு, அதனால அடைச்சாவ. ஆனா வாசலுக்கு வரலியே, அக்கா. பதினஞ்சு அடி ரோடு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஆமா. வரல."

"ஏன்னு கேட்டியளா?"

"கேக்கல. நானும்தான் வரல. வந்திருக்கோணும். வரல. அதுக்கு இப்பச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. நீங்க முடியாதுன்னு சொன்னா நான் போயி அங்க உக்காந்துக்கறேன்."

எங்கோ ஒரு மிஷின் துணியின் மேல் பல்லி ஓடியது. மாரிச்செல்வம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நூலு என்ன ஷேடு?" என்று கேட்டான்.

"நேவி ப்ளூ. சின்னான் அண்ணன் கடையில எடுத்ததுல மூணு கோன்தான் மிச்சம் இருக்கு."

"பத்தாது." ஒரு மிஷினின் துணியை உருவினான். "ஷட்டர எறக்கிட்டு ஓட்டுதேன். சத்தம் வெளிய வரத்தான் செய்யும். உங்க சொந்தக்காரவுக யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொன்னாலும் நிறுத்திருவேன். சாவு வீட்டு முன்னாடி என்னால சண்டை போட முடியாது."

"செரி."

மூட்டைகளை வெளியே கொண்டுவர ஒரே வழிதான் இருந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, தெய்வாத்தாள் உட்கார்ந்திருந்த இடம்.

"நங்கை, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள் சித்ரகலா நாத்தனாரிடம்.

தெய்வாத்தாள் மூட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "என்ற தம்பியத் தாண்டி மூட்டை போகுதா? இன்னும் அவன் ஊட்ட விட்டே போகலியேடி."

டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சித்ரகலா முதல் மூட்டையைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் கண்ணாடியில் அது உரசாமல் பக்கவாட்டில் நடந்தாள். தெய்வாத்தாள் நகரவில்லை. காலை மட்டும் மடக்கிக்கொண்டாள். அதன் பிறகு டெய்லர்கள் ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

மகளிர் குழுவின் நாற்காலிகளையும் அண்டாவையும் இறக்கிக்கொண்டிருந்த ரோஸ்மேரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் குழுவில் பன்னிரண்டு பெண்கள். எந்த வீட்டில் விசேஷம், எந்த வீட்டில் சாவு என்றாலும் நாற்காலியும் பாத்திரமும் அவர்களுடையது. அவள் வந்து சித்ரகலாவின் காதோரம் கேட்டாள்.

"பிசிறு வெட்ட, செக்கிங் பாக்க ஆளு வேணும்லா?"

"வேணுங்க."

"அயர்ன்காரங்க ஹால்ல போயி உக்காருதோம். இங்க வேண்டாம், நல்லாருக்காது. ஆறு பேரு சோறாக்கட்டும், ஆறு பேரு பீஸ் பாக்கட்டும். நீங்க அவுக பக்கத்துல போயி உக்காருங்க."

சித்ரகலா போய் உட்கார்ந்தாள்.

எதிர்ப்பக்கமிருந்து மிஷின் சத்தம் வந்தது. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து சேர்ந்து. பந்தலில் பேச்சு நின்றது. வயதான ஒருவர் 'ச்சை' என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். சித்ரகலா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அருள்குமாரின் முகத்துக்கு மேலே கண்ணாடியில் நீர் கோத்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். திரும்பவும் கோத்தது.

பன்னிரண்டரைக்கு மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

அவள் பெட்டியின் கால்மாட்டைப் பார்த்தாள். தெய்வாத்தாள் அங்கே இல்லை.

வெளியே ஓடி வந்தபோது தெய்வாத்தாள் மாரிச்செல்வத்தின் ஷட்டரைக் கையால் அறைந்துகொண்டிருந்தாள். "வெளிய வாடா! தின்ன சோத்துக்கு வஞ்சனை பண்ணிட்டுப் போனவன் இன்னைக்கு அவன் சாவுல மிஷின் ஓட்டறியா?"

"நங்கை, நான்தான் ஓட்டச் சொன்னேன்."

தெய்வாத்தாள் திரும்பினாள். தலை அவிழ்ந்திருந்தது. "நீ அழுதியாடி? காலையில இருந்து ஒரு சொட்டு அழுதியா? அத மட்டும் சொல்லு."

தெரு முழுக்க நின்று பார்த்தது.

"இல்லீங்க நங்கை."

"ஏன்?"

"தெரியலீங்க. இது முடியட்டும். பொறவு நீங்க என்னைய என்ன வேணாலும் கேளுங்க. இப்ப விடுங்க நங்கை. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

அவள் உண்மையாகவே குனிந்தாள். தெய்வாத்தாள் பின்னால் நகர்ந்தாள்.

அப்போது தெருமுனையில் சின்னான் வந்தார். பூட்டியிருந்த கடையைத் திறந்திருக்கிறார் என்பது அவர் தோளில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் தெரிந்தது. யாரையும் பார்க்காமல் இரண்டு பெண்களுக்கும் நடுவே வந்தார். ஷட்டரை ஒரு கையால் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பெட்டியை உள்ளே தள்ளினார். மூடாத பெட்டியில் நேவி ப்ளூ கோன்கள் நிறைந்திருந்தன.

"மாரிச்செல்வம்," என்றார் உள்ளே பார்த்து. "ஓட்டு. நான் சொல்றேன்."

சின்னான் தெய்வாத்தாள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அம்மா, பழி என்ற தலையில இருக்கட்டுமுங்க. வாங்க, உள்ள போலாம்." அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. தானாகத் தலையை முடிந்துகொண்டு பந்தலுக்கு நடந்தாள்.

சித்ரகலா ரோட்டிலேயே நின்றாள். பத்து எண்ணும் நேரம். இருபது. பிறகு ஒரு ஓவர்லாக் சீறியது.

இரண்டே காலுக்குப் பிரியங்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். பையை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்தாள். "அப்பா, நேத்து ராத்திரி போன் எடுக்காம விட்டுட்டேனேப்பா" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். சித்ரகலா மகளின் முதுகில் கையை வைத்தபடி இருந்தாள். அந்த முதுகு குலுங்கியதில் அவள் கையும் குலுங்கியது. எதிர்ப்பக்கத்துச் சத்தம் அப்போது அவள் காதில் விழவே இல்லை.

மூன்று மணிக்குச் சொர்க்க ரதம் வந்தது. பந்தலுக்கு நேரே வந்து நின்றபோதே தெருவின் மறுமுனையில் பிரதீப் அனுப்பிய லாரியும் நுழைந்துவிட்டது. நேரத்துக்கு முன்பே அனுப்பிவிட்டான். ஒன்றை ஒன்று கடக்க முடியாத தெரு. ரதம் போக வேண்டிய வழியை லாரி அடைத்துக்கொண்டு நின்றது.

"ரிவர்ஸ் எடுக்கச் சொல்லு!" என்று யாரோ கத்தினார்கள். வடக்கத்தி டிரைவர். மாலையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். ஹார்ன் அடிக்கவில்லை. ரோஸ்மேரி ஓடிப்போய்ப் பின்னால் நின்று கையசைக்க, அவ்வளவு பெரிய வண்டியை அங்குலம் அங்குலமாக மெயின் ரோடு வரை பின்னுக்கு எடுத்துப் போனான்.

உடலைத் தூக்கினார்கள். அந்த நேரத்தில் மாரிச்செல்வத்தின் மிஷின்கள் நின்றன. ஷட்டர் முழுதாக மேலே போயிற்று. டெய்லர்கள் வரிசையாக வாசலுக்கு வந்து நின்றார்கள். மாரிச்செல்வம் தலையெல்லாம் நீலப் பஞ்சோடு ரோட்டைக் கடந்து வந்தான். சுமந்தவர்களில் ஒருவனை விலக்கிவிட்டுத் தோள் கொடுத்தான். அவன் அருள்குமாரின் முகத்தைப் பார்த்தானா இல்லையா என்று சித்ரகலாவுக்குத் தெரியவில்லை. ரதத்தில் ஏற்றிய பிறகு தெருமுனை வரை கூடவே நடந்தான். மயானத்துக்குப் போகவில்லை. முனையில் ரதம் திரும்பியதும் அவனும் திரும்பினான். அவள் முன்னால் வந்தபோது ஒரு நொடி நின்றான்.

"இன்னும் நூத்தம்பது இருக்கு" என்றான். உள்ளே போனான். மிஷின் ஓடத் தொடங்கியது.

பெண்கள் அவளைக் குளிக்கக் கூட்டிப்போனார்கள். குளித்துவிட்டு இறங்கியபோது கீழே தரையைக் கழுவித் தள்ளியிருந்தார்கள். ஐந்தே காலுக்கு அயர்ன்காரர் ஹாலிலிருந்து கடைசி அட்டைப்பெட்டி லாரியில் ஏறியது. சின்னானே நின்று கதவைச் சாத்தினார். லாரி கிளம்பியதும் ரோஸ்மேரியின் ஆட்கள் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். தெய்வாத்தாள் மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் பிரியங்கா.

டெய்லர்கள் மிஷின்களைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். வாசலோரம் இருந்த, விளிம்பு மடித்துத் தைக்கும் பேட்லாக் மிஷின் கனமானது. சித்ரகலா ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையைப் பிடிக்க யாராவது வரட்டும் என்று நின்றாள். வாசலில் நிழல் விழுந்தது. மாரிச்செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மறுமுனையைப் பிடித்தான். இருவரும் தூக்கி ஜன்னலுக்குக் கீழே வைத்தார்கள்.

அவன் போகவில்லை. மேஜையின் மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். அது லேசாக ஆடியது. தரையில் கிடந்த வேஸ்ட் துணி ஒன்றை எடுத்து நாலாக மடித்தான். பிறகு எட்டாக. மண்டியிட்டு அதை இடது பின்காலுக்கு அடியில் செருகினான். எழுந்து திரும்பவும் அழுத்திப் பார்த்தான்.

சித்ரகலாவும் தன் பக்கத்து மூலையில் கையை வைத்து அழுத்தினாள்.

ஆடவில்லை.