பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய ஆடு

ஆண்டவனின் திருப்திக்குப் பிள்ளைப்பாக்கத்தில் இருபத்தாறாயிரம் ரூபாய் விலை சொன்னார்கள். கயிறு தனி.

பக்ரீத்துக்கு முந்தின நாள் மத்தியானம். ஆடு இல்லாமல் வீட்டுப்படி ஏறக் கூடாது என்று என் வீட்டுக்காரி ஜுலைகா சொல்லி அனுப்பியிருந்தாள். போன வாரமே வாங்கியிருக்கலாம். கடைசி நாளில் விலை விழும் என்று காத்திருந்தேன். பெரியமேட்டுத் தோல் வியாபாரிகள் மத்தியில் வளர்ந்தவன் புத்தி அது. விலை விழவில்லை. பட்டியில் ஏழே ஆடுதான் மிச்சம்.

கூட வந்தவர் ஹமாதா. எங்கள் மாடியில் குடியிருக்கும் ஜப்பான்காரர். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பது அவர் வேலை. இரண்டு பக்ரீத்துக்கு மாடிப்படியில் நின்று பிரியாணி வாங்கிக்கொண்டவர், இந்த வருஷம் ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றார். குர்பானி ஆட்டுக்கு என்ன விதி என்று வழியில் கேட்டார். ஒரு வயது முடிந்திருக்கணும், நொண்டி ஆகாது, குருடு ஆகாது, காது அறுந்திருக்கக் கூடாது, எலும்பும் தோலுமாக இருக்கக் கூடாது என்றேன். நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆட்டுக்காரர் நடேசன், பாதி நிலத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு மீதியில் ஆடு வளர்ப்பவர். எதை எடுத்தாலும் இருபத்தாறு என்று அவர் சொன்னதும் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். முன்னால் நின்ற ஆட்டைக் காட்டி, பின்னங்கால் கொஞ்சம் இழுக்குதே அண்ணே என்றேன்.

ஹமாதா நோட்டைப் பார்த்தார். "கால் இழுத்தா என்.ஜி.," என்றார். அவர் கம்பெனியில் தேறாத பாகத்துக்கு அதுதான் பெயர். பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து ஆட்டின் கொம்பில் ஒட்டிவிட்டார்.

இழுக்கவில்லை, சும்மா சொன்னேன் என்றேன். சும்மா ஏன் சொல்லணும் என்று கேட்டார். நாற்பது வருஷ வியாபாரத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி.

சிக்கல் அப்போதுதான் புரிந்தது. குறை சொன்னால் அந்த ஆடு குர்பானிக்கு ஆகாது. சொல்லாவிட்டால் விலை இறங்காது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஹமாதா மூடவில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், ஒவ்வொன்றையும் பத்தடி நடக்கவிட்டார். ஓர் ஆட்டுக்கு இடக்கொம்பைவிட வலக்கொம்பு நாலு மில்லிமீட்டர் நீளம் என்று ஒதுக்கினார். மார்க்கத்தில் அப்படி விதியே கிடையாது என்றேன். அப்படியானால் எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் போகலாம், எழுதிக் கொடுங்கள் என்றார். ஆறு ஆட்டுக்குச் சிவப்பு. ஏழாவதுக்குப் பச்சை ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.

அந்த நேரம் பார்த்து மினி லாரியில் ஒருத்தர் வந்து இறங்கினார். சிவப்பு ஒட்டிய ஆறையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பச்சை என்ன விலை என்றார்.

நடேசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாய், இருபத்தெட்டு."

"இப்பதானே இருபத்தாறு சொன்னீங்க?"

"அப்ப அது வெறும் ஆடு. இப்ப ஜப்பான்காரர் பாஸ் பண்ணிக்கீறாரு. உங்க ஆளு ஆறுக்குச் செவப்பு ஒட்டிட்டாரே, அத்த நான் யார் தலையில கட்றது?"

லாரியில் வந்தவர் பர்ஸைத் தொட்டார். நான் முந்திக்கொண்டு இருபத்தெட்டை எண்ணிக் கொடுத்தேன். என் ஆயுசில் பேரம் பேசாமல் வாங்கிய முதல் பொருள் அது.

திரும்பும் வழியில், இரண்டாயிரம் என் தப்பு என்று ஹமாதா இரண்டு கையாலும் ரூபாயை நீட்டினார். ஆட்டுக் குர்பானியில் கூட்டு கிடையாது, ஒருத்தர் காசில்தான் வாங்கணும் என்று மறுத்தேன். மனிதர் முகம் சுண்டிவிட்டது. கடனை வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள் இல்லை.

மறுநாள் தொழுகை முடிந்து, அறுத்து, கறியை மூன்று பங்கு வைத்தோம். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தக்காரர் அக்கம்பக்கத்துக்கு, ஒன்று ஏழைகளுக்கு. ஹமாதா மாடியிலிருந்து தராசைக் கொண்டுவந்து மூன்றையும் கிராம் சுத்தமாக நிறுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நான் எந்தப் பங்கு?"

அக்கம்பக்கம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜுலைகா சஹனைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. நானும் என் இரண்டு மச்சான்களும் மூன்று பேர். தம்பி துபாய் போனதிலிருந்து நாலாவது இடம் காலி.

"சோறு ஆறுது. அவரை ஒக்காரச் சொல்லுங்க," என்றாள்.

உட்கார்ந்தார். முதல் வேலையாக, சஹனில் இருந்த கறியை ஆளுக்கு ஐந்து துண்டாகப் பிரித்து வைத்தார். பெரிய மச்சான் தன் துண்டு ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். அவர் எண்ணிப் பார்த்துத் திருப்பித் தள்ளினார். மூன்றாவது தடவை தள்ளியபோது எண்ணாமல் தின்றுவிட்டார்.

அன்றைக்கு என் கணக்கு நோட்டில் எழுதியது: ஆடு, இருபத்தாறாயிரம். கயிறு, நாற்பது. ஸ்டிக்கருக்காக இரண்டாயிரம், ஹமாதா பெயரில் பற்று. சஹனில் நாலாவது ஆள், ஹமாதா பெயரில் வரவு. பாக்கி இல்லை.