சாரத்தில் ஓர் ஆள்

ராஜபாளையம் மில் முதலாளி சங்கரலிங்கத்தின் புது பங்களாவுக்கு, அலை அலையாய் நெளியும் செங்கல் சுவரைக் கம்ப்யூட்டரில் வரைந்தவள் அனுசியா. எந்தக் கல்லை எத்தனை டிகிரி திருப்பி வைக்க வேண்டும் என்பது, சுவர் கட்ட வாடகைக்கு வந்த ரோபோவுக்கு அத்துப்படி. ஆனாலும் மூன்று நாளாக அது ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. பக்கத்தில் ஆள் நின்றால் அசையக் கூடாது என்பது அதன் பாதுகாப்பு விதி. அது ஆள் என்று நினைத்தது, சாரத்தில் பேண்ட் சட்டை மாட்டித் தொங்கிய திருஷ்டி பொம்மையை. வைக்கோல் திணித்த அந்த ஆளுக்கு மீசை வேறு.

"அதைக் கழட்டிருங்க சார்," என்றாள் அனுசியா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மெஷினைப் பாக்க தளவாய்புரத்துல இருந்தெல்லாம் ஆளு வருது. கண்ணு படாதாம்மா? வேலை முடியட்டும், கழட்டிருவோம்," என்றார் முதலாளி.

கொத்தனார் பாண்டி அவள் லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்தார். பத்தே நாளில் சுவர் நெளிந்து நெளிந்து எழுந்து நின்றது.

முதலாளி சொன்னபடியே பொம்மையைக் கழற்றினார். ரோபோவை ஏற்றிப்போக லாரி வந்தபோதுதான் குறுக்கே நின்றார்.

"அது இங்கனயே நிக்கட்டும்மா. வாரவன் கண்ணெல்லாம் அதுமேலதான் விழுது, வீட்டை ஒருத்தனும் பாக்கலை. கரண்டை மட்டும் புடுங்கி விட்ருங்க. திருஷ்டிக்கு நிக்கிறது அசையக் கூடாது."